இறாத்தல் கணக்கும் கிராம் தராசும்

சிலாபம் பட்டினத்திலிருந்து முன்னேஸ்வரம் போகும் வழியில் ஒரு காலைப்பொழுது சாமான் வாங்கினாலே ஐந்து அளவுமுறைகள் காதில் விழுந்துவிடும். அரிசியும் பருப்பும் கிலோவில் நிறுக்கப்படும். பாணை இறாத்தல் என்று கேட்பார்கள். தேங்காய் எண்ணெய் போத்தல் கணக்கு. வெங்காயம் மொத்தமாக எடுப்பவர் அந்தர் என்பார். தென்னந்தோட்டக்காரரிடம் கொப்பறா விலை கேட்டால் கண்டிக்கு இவ்வளவு என்று சொல்வார். இலங்கை 1970களில் மெட்ரிக் முறைக்கு மாறியது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டத்தின்கீழ் கடைத் தராசுகள் முத்திரை பெற்று இயங்குகின்றன. வாய்வழக்கில் மட்டும் பழைய அளவுகள் இன்னும் குடியிருக்கின்றன. சமையற் குறிப்புக் கொப்பிகளில் அதைவிட உறுதியாகக் குடியிருக்கின்றன.

இந்தக் கொப்பிகளுக்காகத்தான் இந்த அத்தியாயம். சிலாபத்துக் கத்தோலிக்க வீடுகளில் நத்தார் கேக் போடும் குறிப்பு, தமிழ் வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை மிளகாய்த்தூள் திரிக்கும் பட்டியல், முன்னேஸ்வரம் கோயிலின் ஆவணித் திருவிழாவில் அன்னதானத்துக்குச் சாமான் எடுக்கும் துண்டு எல்லாமே இறாத்தலிலும் அவுன்சிலும் எழுதப்பட்டவை. எழுதியவர்கள் அளந்து, சமைத்து, ருசி பார்த்துத் திருத்தி எழுதினார்கள். அந்த உழைப்பு, பிள்ளைகளுக்கு அவுன்ஸ் தெரியாது என்ற ஒரே காரணத்தால் வீணாகக் கூடாது. மாற்றுவது கடினமான வேலையும் அல்ல. எங்கே கணக்கு வேண்டும், எங்கே கைப்பக்குவம் போதும் என்று பிரித்தறியத் தெரிந்தால் சரி.

முதலில் மனத்தில் இருக்கவேண்டிய எண்கள். ஒரு இறாத்தல் என்பது 16 அவுன்ஸ். தமிழ்நாட்டுக்காரர் பவுண்டு என்று சொல்வதும் இதுதான். ஒரு அவுன்ஸ் 28.35 கிராம். ஒரு இறாத்தல் 453.6 கிராம். அடுக்களைக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

1 அவுன்ஸ்: 28 கிராம்
2 அவுன்ஸ்: 57 கிராம்
4 அவுன்ஸ் (கால் இறாத்தல்): 113 கிராம்
8 அவுன்ஸ் (அரை இறாத்தல்): 227 கிராம்
12 அவுன்ஸ் (முக்கால் இறாத்தல்): 340 கிராம்
16 அவுன்ஸ் (1 இறாத்தல்): 454 கிராம்

எதிர்த்திசையில் 100 கிராம் என்பது மூன்றரை அவுன்ஸ். ஒரு கிலோ என்பது 2 இறாத்தலும் மூன்றேகால் அவுன்சும். இந்த மூன்றேகால் அவுன்சைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். "ரெண்டு இறாத்தல் ஒரு கிலோ" என்ற பேச்சுக்கணக்கு ஒரு வேளைக் கறிக்குப் போதும். பெரிய அளவுக்குப் போனால் பத்தில் ஒரு பங்கு பிசகும். 20 இறாத்தல் என்று எழுதியிருப்பதற்கு 10 கிலோ வாங்கினால் ஏறக்குறைய ஒரு கிலோ மிச்சம், ஏனென்றால் 20 இறாத்தல் 9.07 கிலோதான்.

இதற்கு வாய்ப்பாடு ஒன்று உண்டு. கடையில் நின்றபடியே மனத்தில் போடலாம். கிலோவை இறாத்தலாக்க இரட்டித்து, வந்ததில் பத்தில் ஒன்றைக் கூட்டுங்கள். 5 கிலோ இரட்டித்தால் 10, அதில் பத்தில் ஒன்று 1, ஆக 11 இறாத்தல். இறாத்தலைக் கிலோவாக்கப் பாதியாக்கி, வந்ததில் பத்தில் ஒன்றைக் கழியுங்கள். 20 பாதியானால் 10, ஒன்று போக 9 கிலோ. துல்லியக் கணக்கோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு ஒன்றுகூட வித்தியாசம் வராது.

இன்னொரு தவறு இலக்கத் தராசு வந்தபிறகு புதிதாக முளைத்தது. தராசில் இறாத்தல் அலகைப் போட்டால் சில தராசுகள் 1.5 என்று காட்டும். அது ஒன்றரை இறாத்தல், அதாவது 1 இறாத்தல் 8 அவுன்ஸ். அதை 1 இறாத்தல் 5 அவுன்ஸ் என்று படித்தால் மூன்று அவுன்ஸ், கிட்டத்தட்ட 85 கிராம் குறைந்துவிடும். புள்ளிக்குப் பின்னால் வருவது பத்தில் பங்கு. அவுன்சோ பதினாறில் பங்கு. இந்தக் குழப்பம் வேண்டாமென்றால் தராசை எப்போதும் கிராமிலேயே வைத்திருங்கள். மாற்றும் கணக்கைத் தாளில் செய்யுங்கள்.

இனி உண்மையான வேலைக்கு வருவோம். ஒரு வீட்டு மிளகாய்த்தூள் பட்டியலை எடுத்துக்கொள்கிறேன். செத்தல் மிளகாய் 1 இறாத்தல், மல்லி 1 இறாத்தல், பெருஞ்சீரகம் 4 அவுன்ஸ், மிளகு 2 அவுன்ஸ், சின்னச்சீரகம் 2 அவுன்ஸ், மஞ்சள் 1 அவுன்ஸ், கறிவேப்பிலை ஒரு பிடி. மேலே உள்ள எண்களைப் போட்டு மாற்றினால் 454, 454, 113, 57, 57, 28 கிராம் என்று வரும். கணக்குச் சரி. ஆனால் எந்தக் கடையிலும் செத்தல் மிளகாய் 454 கிராம் பக்கற்றில் வராது. அரைக் கிலோ பக்கற்றை வாங்கிவந்து முழுவதையும் கொட்டுவோம். மல்லியும் அப்படியே. மற்றவற்றை மட்டும் 113, 57 என்று பார்த்துப் பார்த்து நிறுப்போம். விளைவு, மிளகாயும் மல்லியும் பத்தில் ஒரு பங்கு கூடி, பெருஞ்சீரகமும் மிளகும் பின்தங்கிய தூள். அம்மாவின் கறி மணம் வரவில்லையே என்ற கவலை பல வீடுகளில் இங்கேதான் தொடங்குகிறது.

இப்படிப்பட்ட பட்டியலை மாற்றுவதற்குச் சிறந்த வழி பங்குக் கணக்கு. எல்லாவற்றையும் அவுன்சாக எழுதுங்கள்: மிளகாய் 16, மல்லி 16, பெருஞ்சீரகம் 4, மிளகு 2, சின்னச்சீரகம் 2, மஞ்சள் 1. இவை இனி அவுன்ஸ் அல்ல, பங்கு. வாங்கிய மிளகாய் 500 கிராம். அதை 16ஆல் பிரித்தால் ஒரு பங்கு 31 கிராம். மல்லி 500, பெருஞ்சீரகம் 125, மிளகு 62, சின்னச்சீரகம் 62, மஞ்சள் 31. கால் கிலோ மிளகாய்க்குச் செய்தால் ஒரு பங்கு 15.6 கிராம்: மல்லி 250, பெருஞ்சீரகம் 62, மிளகும் சின்னச்சீரகமும் 31, மஞ்சள் 16. மொத்த எடை பழையதைவிடக் கூடலாம், குறையலாம். ஒன்றுக்கொன்று உள்ள உறவு குலையாது. தூளின் மணம் அந்த உறவில் இருக்கிறது.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. நிறுப்பது வறுப்பதற்கு முன்னால்தான். வறுக்கும்போது மல்லியும் மிளகாயும் ஈரம் இழந்து எடை குறையும். வறுத்தபின் நிறுத்து எழுதிய பட்டியலாக இருந்தால் கொப்பியில் அப்படிக் குறிப்பு இருக்கும். இல்லாவிட்டால் பச்சை எடை என்றே கொள்ளுங்கள். ஆலையிலிருந்து திரும்பிவரும் தூள் கொஞ்சம் குறைந்திருந்தால் கலங்கவேண்டாம். இயந்திரத்தில் ஒட்டியது போக வருவதுதான்.

பங்குக் கணக்குக்குப் பிடிகொடுக்காத இடம் கேக். காரணம் முட்டை.

இங்கிலாந்தில் மெட்ரிக் அளவு வந்தபோது பல சமையல் நூல்கள் ஒரு அவுன்சை 25 கிராம் என்று முழுமையாக்கின. எளிமையான கணக்கு. ஆனால் 28.35 என்பதை 25 ஆக்கினால் எல்லாப் பொருளும் நூற்றுக்குப் பன்னிரண்டு குறைந்துவிடும். மாவும் சீனியும் பட்டரும் ஒரே அளவில் குறைவதால் அவற்றுக்குள் சிக்கல் இல்லை. முட்டை மட்டும் குறையாது. கோழிக்கு அவுன்சும் தெரியாது கிராமும் தெரியாது.

லவ் கேக்கை உதாரணமாக எடுப்போம். சிலாபத்து வீடுகளில் நத்தாருக்கு நிற்கும் கேக் இதுதான். ஒரு சாதாரணக் குறிப்பில் ரவை 8 அவுன்ஸ், சீனி 1 இறாத்தல், பட்டர் 8 அவுன்ஸ், கஜு 8 அவுன்ஸ், மஞ்சட்கரு 10 இருக்கும். மெய்யான மாற்றத்தில் ரவை 227, சீனி 454, பட்டர் 227, கஜு 227 கிராம். ஒரு மஞ்சட்கரு சுமார் 18 கிராம் என்றால் பத்தும் 180 கிராம். 25 கிராம் கணக்கில் போனால் ரவை 200, சீனி 400, பட்டர் 200, கஜு 200 என்று இறங்கும். மஞ்சட்கரு மட்டும் 180 கிராமிலேயே நிற்கும். ரவை குறைந்து கரு கூடினால் நடுப்பகுதி வேக நேரமெடுக்கும், மேற்பகுதி அதற்குள் சிவந்துவிடும். ஆகவே 25 கிராம் கணக்கை விரும்பினால் மஞ்சட்கருவை 9 ஆக்குங்கள். 28 கிராம் கணக்கில் போனால் பத்தையும் போடுங்கள். இரண்டுமே நல்ல கேக்தான். பட்டருக்கு ஒரு கணக்கு, சீனிக்கு வேறொரு கணக்கு என்று ஒரே குறிப்புக்குள் கலப்பதுதான் கெடுதல்.

என் விருப்பம் 28 கிராம். தராசு ஒவ்வொரு கிராமாகக் காட்டும் காலத்தில் 25 என்று முழுமையாக்கத் தேவையில்லை. தவிர, 227 கிராம் என்று அச்சிட்ட பட்டர் கட்டி நம் கடைகளில் கிடைக்கிறது. அது அரை இறாத்தல்தான். பழைய குறிப்பில் அரை இறாத்தல் பட்டர் என்றிருந்தால் நிறுக்காமலே முழுக் கட்டியையும் போடலாம். வட்டிலப்பம் போன்றவற்றிலும் முட்டைதான் அளவுகோல். முட்டை எத்தனை என்று முதலில் தீர்மானித்துவிட்டுக் கருப்பட்டியையும் தேங்காய்ப்பாலையும் அதற்கு ஏற்றபடி நிறுங்கள்.

கேக் தட்டு மாற்றமும் சேர்ந்தே வரும். 9 அங்குலத் தட்டு 23 சென்ரிமீற்றர், 8 அங்குலம் 20 சென்ரிமீற்றர். ஒரு அங்குலம்தானே என்று எண்ணக்கூடாது: 9 அங்குலச் சதுரத் தட்டின் பரப்பு 81 சதுர அங்குலம், 8 அங்குலத்தது 64. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. சூடு 350 பரனைற் என்றிருந்தால் 180 செல்சியஸ், 300 என்றிருந்தால் 150.

அவுன்ஸ் என்ற பெயரில் இரண்டு அளவுகள் இருப்பதை அடுத்துச் சொல்லவேண்டும். எடைக்கு ஒரு அவுன்ஸ், திரவத்துக்கு ஒரு அவுன்ஸ். மருந்துப் போத்தலில் கோடு போட்டிருக்கும் அவுன்ஸ் திரவ அவுன்ஸ். பிரித்தானியத் திரவ அவுன்ஸ் 28.4 மில்லிலீற்றர் என்பதால் தண்ணீருக்கும் தேங்காய்ப்பாலுக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். எண்ணெய்க்கும் பாணிக்கும் அப்படியல்ல. பைன்ற் என்ற அளவு இலங்கைக் குறிப்புகளில் 20 திரவ அவுன்ஸ், 568 மில்லிலீற்றர். அமெரிக்க நூலில் அதே பெயர் 16 அவுன்சைக் குறிக்கும், 473 மில்லிலீற்றர்தான். 1929இல் முதன்முதல் வெளிவந்த ஹில்டா டொய்ற்றமின் சிலோன் டெய்லி நியூஸ் சமையல் நூலும் அதைப் பார்த்து எழுதிக்கொண்ட வீட்டுக் கொப்பிகளும் பிரித்தானியக் கணக்கில் வளர்ந்தவை என்பதால் 568ஐ நம்பலாம்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் தொலைபேசியில் அனுப்பும் குறிப்புகளில் சிக்கல் கோப்பையில்தான். ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் அளவுக் கோப்பை 250 மில்லிலீற்றர். அமெரிக்கக் கோப்பை 237. அவுஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர், மற்ற இடங்களில் 15. உப்பையும் பேக்கிங் பவுடரையும் மேசைக்கரண்டியில் சொல்லும் மெல்பேண் குறிப்பை இங்குள்ள கரண்டியால் அளந்தால் காற்பங்கு குறையும். ரொறன்ரோக் கடைகளில் மீனும் இறைச்சியும் இன்னும் இறாத்தல் விலையில்தான் பலகையில் எழுதப்படும். "மூண்டு இறாத்தல் ஆட்டிறைச்சி" என்று அங்கிருந்து மாமி சொன்னால் இங்கே 1 கிலோ 360 கிராம் வாங்குங்கள். லண்டனில் 2000ஆம் ஆண்டு முதல் நிறுத்து விற்பது கிலோவில்தான். ஆகவே அங்கிருந்து வரும் புதிய குறிப்புகள் பெரும்பாலும் கிராமில் இருக்கும். பாட்டியின் கையெழுத்தில் வருபவை மட்டும் அவுன்சில்.

தேங்காய் எண்ணெய் இந்தப் பகுதியின் தினசரிப் பொருள். சிலாபம், குருநாகல் பக்கமெல்லாம் தென்னை முக்கோணம் என்று சொல்லப்படும் நிலம். எண்ணெய் இங்கே போத்தலிலும் கிலோவிலும் விற்கப்படுகிறது. ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர். தேங்காய் எண்ணெய் தண்ணீரைவிட இலேசு, ஒரு லீற்றர் சுமார் 920 கிராம். ஆகவே ஒரு போத்தல் எண்ணெயின் எடை ஏறக்குறைய 690 கிராம். ஒரு கிலோ எண்ணெய் என்றால் போத்தலுக்கு மேல் இன்னும் அரைப் போத்தலுக்குச் சற்றுக் குறைவு. விலை ஒப்பிடும்போது போத்தல் விலையை 0.69ஆல் பிரித்தால் கிலோ விலை வந்துவிடும். அதைச் செய்யாமல் கிலோ விலை கூட என்று எண்ணிப் போத்தலை வாங்குபவர்கள் அதிகம். பாணி இதற்கு நேர்மாறு, தண்ணீரைவிடக் கனம். ஒரு போத்தல் பாணி ஏறக்குறைய ஒரு கிலோ நிற்கும். சில இலக்கத் தராசுகளில் மில்லிலீற்றர் என்றும் ஒரு தெரிவு உண்டு. அது தண்ணீரென்று நினைத்துக் கணிக்கும் எண். எண்ணெய்க்கும் பாணிக்கும் அதைத் தொடவேண்டாம்.

பேணியும் சுண்டும் கொத்தும் எடை அளவுகள் அல்ல, கொள்ளளவுகள். ஆனாலும் பழைய குறிப்புகளில் இறாத்தலோடு கலந்தே வரும். நான்கு சுண்டு ஒரு கொத்து, முப்பத்திரண்டு கொத்து ஒரு புசல். புசல் 8 கலன், 36.4 லீற்றர். அதை 32ஆல் பிரித்தால் கொத்து 1.14 லீற்றர் அளவில் வரும். தலைதட்டி அளந்த அரிசி ஒரு லீற்றர் சுமார் 800 கிராம். ஆகவே ஒரு கொத்து அரிசி 910 கிராம், அதாவது 2 இறாத்தல். கூப்பன் அரிசிக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த அளவு மறக்காது. 1953இல் கூப்பன் அரிசி விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது நாடே ஹர்த்தாலில் இறங்கியது. 1970 தேர்தலிலும் இரண்டு கொத்து அரிசி வாக்குறுதியாக நின்றது. நம் மூத்தவர்களுக்குக் கொத்து கண்ணால் கண்ட அளவு. அவர்களிடம் கேட்டு எழுதும்போது அந்தச் சொல்லிலேயே எழுதுங்கள், பக்கத்தில் 900 கிராம் என்று போடுங்கள்.

பேணி என்பது பெரும்பாலும் ரின்பால் பேணி. பழைய பேணியில் 14 அவுன்ஸ், 397 கிராம் பால் இருந்தது. ரின்பால் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.3 மடங்கு கனம் என்பதால் அந்தப் பேணியின் கொள்ளளவு 305 மில்லிலீற்றர். அரிசி போட்டுத் தலைதட்டினால் கால் கிலோ, நான்கு பேணி ஒரு கிலோ. இது அரிசிக்கு நன்றாகவே பொருந்தும். மாவுக்குப் பொருந்தாது. இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் அவித்து அரித்த கோதுமை மாவைப் பேணியில் மெல்லச் சொரிந்தால் 150 கிராம் நிற்கும். அமுக்கிப் போட்டால் 185 வரை போகும். ஒரே பேணி, ஒரே மா, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம். அதனால்தான் பிட்டு ஒருநாள் உதிராகவும் மறுநாள் களியாகவும் வருகிறது, தண்ணீர் மட்டும் அதே அளவாக இருக்கும்போது. மாவை நிறுக்கப் பழகுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே தராசு வாங்கலாம் என்பேன். உங்கள் வீட்டுப் பேணிக்கு அரிசி எவ்வளவு, சீனி எவ்வளவு, ரவை எவ்வளவு என்று ஒருமுறை நிறுத்துப் பார்த்துப் பேணியின் வெளிப்புறத்தில் அழியாத பேனாவால் எழுதிவிட்டால் அதற்குப்பின் தேடவே வேண்டியதில்லை.

கடைப் பொருள்களின் மேல் உள்ள சில விசித்திரமான எண்களும் பழைய அளவின் எச்சங்கள்தான். பெரிய ரின்மீன் 425 கிராம். ஏன் 400 இல்லை, 450 இல்லை? 15 அவுன்சைக் கிராமாக்கினால் 425 வரும். சின்ன ரின்மீன் 155 கிராம், அது ஐந்தரை அவுன்ஸ். ஈஸ்ற் பக்கற்றில் 7 கிராம் என்றிருந்தால் அது கால் அவுன்ஸ். பாணுக்கு நுகர்வோர் அதிகார சபை வைத்திருக்கும் எடை 450 கிராம், இறாத்தலுக்கு மூன்று கிராம் சொச்சம் குறைவு. குறிப்பில் அரை இறாத்தல் பாண் ஊறவைக்கச் சொன்னால் 225 கிராம் அரைப் பாண் ஒன்று போதும், கணக்கே தேவையில்லை. இந்த எண்களைத் தெரிந்து வைத்திருப்பவர் பாதி மாற்றத்தைக் கடையிலேயே முடித்துவிடுவார்.

முன்னேஸ்வரத்துத் திருவிழா ஆகஸ்ட், செப்டெம்பரில் ஏறக்குறைய நான்கு வாரம் நடக்கும். முன்னைநாதரையும் வடிவாம்பிகையையும் தரிசிக்கத் தமிழரும் சிங்களவருமாக வருவார்கள். அன்னதானத்துக்குச் சமைப்பவர்கள் கிராமில் யோசிப்பதில்லை, யோசிக்கவும் கூடாது. இங்கே வேண்டியது அந்தர். 112 இறாத்தல் ஒரு அந்தர், 50.8 கிலோ. இன்றைய வியாபாரத்தில் 50 கிலோ மூட்டையையே அந்தர் என்கிறார்கள். வித்தியாசம் 800 கிராம்தான். ஒரு இறாத்தல் அரிசி நான்கு பேருக்கு என்ற பழைய கணக்கை வைத்தால் பழைய அந்தர் 448 பேருக்கு, 50 கிலோ மூட்டை 441 பேருக்கு. ஏழு பேருக்கான குறை. அந்தப் பந்தியில் இது பொருட்டே இல்லை. பெரிய சமையலுக்கு அந்தரையும் 50 கிலோவையும் ஒன்றாகவே கொள்ளுங்கள். கொப்பறாக் கண்டியும் இப்படித்தான்: பழையது 560 இறாத்தல், 254 கிலோ, இப்போது 250 கிலோ.

ஆனால் அந்தரைக் கிலோவாக்குவதில் தாராளமாக இருந்துவிட்டு, உப்பையும் புளியையும் அதே தாராளத்தோடு பெருக்கக் கூடாது. நான்கு பேர் சமையலில் உள்ள உப்பை நூறால் பெருக்கினால் பெரும்பாலும் கூடிவிடும். அகன்ற கிடாரத்தில் தண்ணீர் வற்றும் வேகமும் பருப்பு இழுக்கும் தண்ணீரும் சின்னச் சட்டியில் உள்ளதுபோல் இருக்காது. பெருக்கி வரும் உப்பில் முக்கால்வாசியைப் போட்டுவிட்டு, மிச்சத்தை ருசி பார்த்துப் போடுவது அனுபவசாலிகளின் வழி. புத்தளத்துக் கல்லுப்பு ஒரு கரண்டியில் இடைவெளிவிட்டு நிற்கும். தூளுப்பு நெருங்கி நிற்கும். ஒரே கரண்டியில் தூளுப்பின் எடை கூடுதல். கரண்டிக் கணக்கில் எழுதிய குறிப்பு எந்த உப்புக்கு எழுதப்பட்டது என்று விசாரியுங்கள். பழைய கொப்பி என்றால் கல்லுப்பாகத்தான் இருக்கும். எடையில் சொன்னால் எந்த உப்பானாலும் ஒன்றுதான்.

தேங்காயை எண்ணிச் சொல்வது நம் வழக்கம். "மூண்டு தேங்காய் துருவி" என்று எழுதியிருக்கும். மழை பிந்திய ஆண்டில் காய் சிறுத்துவிடும், எண்ணிக்கை அப்போது ஏமாற்றும். நடுத்தரக் காய் ஒன்றில் 250 முதல் 300 கிராம் துருவல் வரும். மூன்று காய் என்றால் 800 கிராம் துருவல் என்று வைத்துக்கொண்டு, காய் சிறிதானால் நான்காவதை உடையுங்கள். இறாலுக்கும் இப்படி ஒரு தள்ளுபடி உண்டு. குறிப்பில் "துப்புரவாக்கிய இறால் 1 இறாத்தல்" என்றால் சிலாபம் சந்தையில் ஒரு கிலோ வாங்கவேண்டும், தலையும் கோதும் போகப் பாதிதான் மிஞ்சும். "இறால் 1 இறாத்தல்" என்று மட்டும் இருந்தால் முழு இறாலாக 450 கிராம்.

தமிழ்நாட்டுச் சமையல் நூல்கள் கைக்கு வந்தால் அவற்றில் வேறு அளவுகள் இருக்கும். 1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' போன்றவற்றின் காலத்தில் அங்கே புழங்கியது பலமும் வீசையும். தோலா 11.66 கிராம், மூன்று தோலா ஒரு பலம், 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. எண்பது தோலாச் சேர் 933 கிராம். பலத்தை அவுன்ஸ் என்று நினைத்து மாற்றினால் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் குறையும். மற்றபடி மேலே சொன்ன பங்குக் கணக்கு அங்கும் அப்படியே செல்லும்.

தராசைப் பற்றி. அடுக்களைத் தராசுக்கு யாரும் வந்து முத்திரை குத்தமாட்டார்கள், நாமே சோதிக்கவேண்டும். காலிப் பாத்திரத்தை வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, அதில் ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றுங்கள். 1000 கிராமுக்குப் பக்கத்தில் காட்டவேண்டும். அரை லீற்றருக்கு 500. மின்கலம் தளர்ந்தால் எண் அலைபாயும். சாய்வான மேசையிலும் அப்படியே. மஞ்சளையும் பேக்கிங் பவுடரையும் 5 கிராமுக்குக் கீழே அடுக்களைத் தராசில் நிறுக்கப் போகாதீர்கள். ஒரு கிராம் இங்கே அங்கே போனாலே ஐந்தில் ஒன்று. அவற்றுக்குத் தேக்கரண்டியே நம்பகமானது. பழைய வட்டமுகத் தராசு வீட்டில் இருந்தால் எறியவேண்டாம். ஒரே முகத்தில் வெளிவட்டம் கிராமும் உள்வட்டம் அவுன்சுமாக இருக்கும் அந்தத் தராசு, கணக்கே போடாமல் மாற்றித் தரும்.

கடைசியாகக் கொப்பி. பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதாதீர்கள். 8 அவுன்ஸ் அப்படியே இருக்கட்டும், ஓரத்தில் பென்சிலால் 227 என்று எழுதுங்கள். பக்கத்தின் தலையில் எந்தக் கணக்கில் மாற்றினீர்கள் என்று, 28 என்றோ 25 என்றோ 31 என்றோ ஒரு எண். கேக் என்றால் தட்டின் அளவும் முட்டையின் எண்ணிக்கையும். தூள் என்றால் வறுக்குமுன் நிறுத்ததா, பின்னா. சமைத்துப் பார்த்துச் சரிவந்தபின் பென்சில் எண்ணின்மேல் பேனாவால் எழுதலாம். கையெழுத்து மங்கிய கொப்பியென்றால் இந்த வேலையைத் தொடங்குமுன் தொலைபேசியில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, எழுதியவர் இன்னும் நம்மோடு இருந்தால் அவருக்குப் பக்கத்தில் இருந்து வாசித்துக் கேளுங்கள். 4 என்று தெரிவது 9 ஆக இருக்கலாம், அதை அவரால்தான் சொல்லமுடியும்.